மதிப்பீட்டு வரி கட்டுகிறோம், ஆம்புலன்ஸ் மட்டும் ஏன் மாநகர் கழகத்தின் வேலை இல்லை?

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவர் கேட்டது இது: "அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து 999-க்கு அழைத்தோம். ஆம்புலன்ஸ் வர நேரமானது. வாசலுக்கு வந்த பிறகும் வீட்டுக்கு மேலே வர இன்னும் நேரமானது. மாநகர் கழகத்துக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். கழகம் ஏன் சொந்தமாக ஆம்புலன்ஸ் வைக்கக்கூடாது? யாரிடம் புகார் செய்வது? அடுத்த தடவை தனியார் ஆம்புலன்ஸையே கூப்பிட்டுவிடலாமா?"

அப்பா தேறிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மனசு நிம்மதியானது.

நீங்கள் சொல்வதில் இரண்டு தாமதங்கள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் உங்கள் கட்டடத்தின் வாசலுக்கு வரும்வரை ஆன தாமதத்துக்கும் மாநகர் கழகத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. வாசலிலிருந்து அப்பாவின் கட்டில் வரைக்கும் ஆன தாமதத்தில் கழகத்துக்கும் உங்கள் கட்டட நிர்வாகத்துக்கும் நிறையவே பங்கு உண்டு. பலரும் இரண்டையும் சேர்த்து ஒரே புகாராக எழுதித் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது மேசை மாறி மேசை போய்க் கடைசியில் ஒன்றும் நடப்பதில்லை.

முதலில் யாருக்கு எந்த வேலை என்று பார்ப்போம். மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை மருத்துவத்தையும் மருத்துவமனைகளையும் மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. ஊராட்சி, அதாவது மாநகர் கழகம், மாவட்ட மன்றம் போன்ற உள்ளூர் நிர்வாகம், மாநில அரசின் பட்டியலில் வருகிறது. பொதுச் சுகாதாரமும் நோய்த் தடுப்பும் இருவருக்கும் பொது. அதனால்தான் சாப்பாட்டுக் கடை அசுத்தமாக இருந்தால் கழகத்து அதிகாரி வந்து கடையை மூடுகிறார், ஆனால் நெஞ்சு வலி என்று அழைத்தால் சுகாதார அமைச்சின் வண்டி வருகிறது. கோலாலம்பூரில் 1974-இல் கூட்டரசுப் பிரதேசம் அமைந்ததிலிருந்து மாநகர் மன்றமே மத்திய அரசின் கீழ்தான் இருக்கிறது. அங்கேயும் 999-க்கு வரும் ஆம்புலன்ஸை மாநகர் மன்றம் நடத்துவதில்லை. தமிழ்நாட்டில் 108-ஐப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கும் மாநில அரசுதான் நடத்துகிறது என்று நினைப்பதுண்டு. இங்கே ஏற்பாடு வேறு.

நீங்கள் 999-ஐ அழுத்தியதும் எடுப்பவர் பினாங்கில் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை, கடல்சார் அமலாக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து டெலிகோம் மலேசியா நடத்தும் அழைப்பு மையம்தான் முதலில் எடுக்கிறது. 2007 முதல் இந்த ஒரே எண் முறை இருக்கிறது. அதற்கு முன் தீயணைப்புக்கு 994, தற்காப்புப் படைக்கு 991 என்று தனித்தனி எண்கள். கைப்பேசியில் 112 அழுத்தினாலும் இங்கேதான் போய்ச் சேரும். உடல்நலப் பிரச்சினை என்று சொன்னதும் அழைப்பு மருத்துவ அவசர ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாறுகிறது. அது பெரிய அரசு மருத்துவமனையில் இயங்கும் மையம். அங்கே இருப்பவர்தான் மயக்கமா, மூச்சு இருக்கிறதா, வயது என்ன என்று விசாரித்து எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்கிறார். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்கிறார்களே என்று எரிச்சலாகத்தான் இருக்கும். முதலில் கேட்டவர் அழைப்பைப் பிரித்து அனுப்புபவர், இரண்டாவது ஆள்தான் மருத்துவம் தெரிந்தவர். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

வரும் வண்டியும் எப்போதும் மருத்துவமனை வண்டியாகவே இருக்காது. பொதுத் தற்காப்புப் படை வண்டி வரலாம். செம்பிறைச் சங்கத்தின் வண்டியோ செயிண்ட் ஜான் என்ற முதலுதவி அமைப்பின் வண்டியோ வரலாம். செயிண்ட் ஜான் இந்த நாட்டில் முதன்முதலில் 1908-இல் பினாங்கில்தான் தொடங்கியது, நம் ஊருக்கு அந்தப் பெருமை உண்டு. பினாங்கிலும் செபராங் பிறையிலும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் பல இருக்கின்றன, சிலவற்றிடம் ஆம்புலன்சும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குச் சம்பளம் வாங்காத ஒருவர் உங்கள் அப்பாவைத் தூக்கியிருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாமலேகூடப் போயிருக்கலாம். இவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சரி, கழகம் ஏன் சொந்தமாக வைக்கக்கூடாது? சட்டம் முழுசாகக் கதவை மூடிவிடவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு பொதுமக்களின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் வசதிக்கும் தேவையானதைச் செய்ய ஊராட்சிகளுக்குப் பரந்த அதிகாரம் தருகிறது. இருந்தாலும் கழகம் ஆம்புலன்ஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வண்டி வாங்குவது சுலபம். அதற்குள் ஏற்றி அனுப்ப உதவி மருத்துவ அதிகாரி வேண்டும், அந்தக் காலத்துத் தோட்டங்களில் டிரஸ்ஸர் என்று அழைத்தோமே, அந்தப் பணியின் இன்றைய வடிவம் அவர்தான். இருபத்து நாலு மணி நேரமும் முறை போட்டு வேலை செய்ய ஒரு வண்டிக்கே பல ஆட்கள் தேவை. மருந்துக்கும் சிகிச்சை முறைக்கும் பொறுப்பேற்க ஒரு மருத்துவர் வேண்டும். வண்டி போய்ச் சேரும் அவசரப் பிரிவு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இத்தனையும் மருத்துவமனையோடு ஒட்டியிருப்பவை, அதிலிருந்து பிரித்தெடுத்தால் தரம்தான் கெடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, தீயணைப்பு வரலாற்றைப் பார்த்தால் அது புரியும். தீயணைப்புப் படை ஒரு காலத்தில் ஊராட்சிகளின் கையில் இருந்தது. ஜோர்ஜ்டவுனில் நகர மன்றமே அதை நடத்தியது. 1976-இல் அது மத்திய அரசின் கீழ் வந்தது, இன்றும் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் இருக்கிறது. என் பார்வையில் அது நல்ல முடிவு. வருமானம் உள்ள மாநகரம் புது வண்டி வைத்துக்கொள்ளும், வரி வசூல் குறைந்த மாவட்ட மன்றம் பழைய வண்டியோடு தள்ளாடும். உயிர் காக்கும் சேவையை ஊரின் வரி வசூலைப் பார்த்துப் பங்கு போடக்கூடாது. ஆம்புலன்ஸையும் ஊராட்சிகளிடம் கொடுத்தால் தீவில் இருப்பவர்களுக்கு லாபமாக இருக்கலாம். கெடாவின் உட்பகுதியில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு?

கழகத்திடம் நாம் உரிமையோடு கேட்க வேண்டியவை வேறு. உங்கள் இரண்டாவது தாமதம் அந்த வகைதான்.

பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், ரைபிள் ரேஞ்ச் பக்கம் இரவு ஒன்பது மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். அடுக்குமாடியின் உள்சாலையில் இரண்டு பக்கமும் கார், அதற்கு வெளியே இன்னொரு வரிசை கார், கைப்பிரேக்கை விட்டுவிட்டுக் கைப்பேசி எண்ணை மட்டும் கண்ணாடியில் வைத்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் சிறிய வண்டி இல்லை. பின்கதவைத் திறந்து தள்ளுகட்டிலை இறக்கப் பின்னால் இடம் வேண்டும். நான் தன்னார்வலராக வண்டியில் போன காலத்தில் நோயாளி இருக்கும் புளோக்குக்கு முன்னால் நிறுத்த இடமில்லாமல் தூரத்தில் நிறுத்திவிட்டு ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது சகஜமாக நடந்த ஒன்று. ஓடிப்போனால் லிப்ட் ஒன்றுதான் வேலை செய்யும். அதிலும் தள்ளுகட்டிலைப் படுக்க வைத்துக் கொண்டுபோக முடியாது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்பதும் இல்லை. அப்போது நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துப் படி வழியாக இறக்க வேண்டும். மூச்சுத் திணறும் ஒருவருக்கு அது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதெல்லாம் விதி என்று விட்டுவிடத் தேவையில்லை. தனியார் அடுக்குமாடி என்றால் லிப்ட், உள்சாலை, தடுப்புக் கம்பம் மூன்றும் கூட்டு நிர்வாகக் குழுவின் பொறுப்பு. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தக் குழு வேலை செய்யவில்லை என்றால் கேள்வி கேட்கும் அதிகாரம் கட்டட ஆணையருக்கு உண்டு. அவருடைய அலுவலகம் நம் மாநிலத்தில் மாநகர் கழகத்தோடுதான் இயங்குகிறது. ஆக, ஆம்புலன்ஸ் விஷயத்தில் கழகத்தின் உண்மையான அதிகாரம் இந்த அலுவலகத்தில் இருக்கிறது. லிப்ட் பழுது பார்க்கப் பணம் இல்லை என்று நிர்வாகக் குழு கையை விரித்தால் அதற்கும் வழி உண்டு. குறைந்த விலை, நடுத்தரக் குறைந்த விலை அடுக்குமாடிகளின் பராமரிப்புக்கு 80 விழுக்காடு வரை மாநில அரசு ஏற்கும் நிதித் திட்டம் பினாங்கில் இருக்கிறது. லிப்ட் அதில் அடங்கும். விண்ணப்பத்தைக் குழுதான் போட வேண்டும். பல கட்டடங்களில் குழுவில் உட்கார ஆளே கிடைப்பதில்லை, ஆண்டுக் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவதே கஷ்டம். நம்மவர்கள் போக வேண்டும் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். கோயில் கூட்டத்துக்கு வரும் கூட்டத்தில் பாதி இதற்கு வந்தால் போதும்.

தரை வீட்டுப் பகுதி என்றால் தொல்லை வேறு மாதிரி. பாதுகாப்புக்காகக் குடியிருப்பாளர் சங்கம் சாலையில் கம்பம் போட்டுக் காவலாளியை உட்கார வைக்கிறது. அது பொதுச் சாலையாக இருந்தால் கழகத்தின் அனுமதி வேண்டும், அவசர வண்டி தடையில்லாமல் போக வழி இருக்க வேண்டும். பின்வாசலைப் பூட்டி, ஆளும் வைக்காமல், சாவி யாரிடம் என்றும் தெரியாமல் விட்டுவிடும் தாமான்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் பகுதியில் இருந்தால் படம் எடுத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள். சாலைப் பெயர்ப் பலகை, இருட்டான முனையில் தெருவிளக்கு, இரண்டாவது வரிசையில் நிறுத்தும் காருக்குச் சங்கிலி போடுவது, இவையும் கழகம் செய்ய வேண்டியவை. பார்க்கச் சின்ன வேலைகள்தான், ஆனால் நிமிடங்களைத் தின்பவையும் இவைதான்.

நிமிடம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. உலகத்தில் எந்த ஊர் ஆம்புலன்சும் மூன்று நிமிடத்தில் பதினாலாவது மாடிக்கு வந்துவிடாது. அதனால் முதல் ஆம்புலன்ஸ் வீட்டில் இருப்பவர்தான். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செண்டிமீட்டர் ஆழம் இறங்குகிற மாதிரி அழுத்த வேண்டும். செயிண்ட் ஜானும் செம்பிறைச் சங்கமும் இதைச் சொல்லிக் கொடுக்கின்றன. பக்கவாதத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் உண்டு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று காத்திருக்கவே காத்திருக்காதீர்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்து வையுங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

கழகம், போலீஸ், மருத்துவமனை, தன்னார்வலர்கள் எல்லாரும் சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்குத் தைப்பூசம் இருக்கிறது. லெபு பினாங்கு கோயில் வீட்டிலிருந்து ரதம் கிளம்பித் தண்ணீர்மலை அடிவாரம் போகும் வழி நெடுக லட்சக்கணக்கான கூட்டம். மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. அந்தக் கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் சாதாரண நாளில் வருவதைவிட விரைவாகவே முதலுதவி கிடைக்கிறது. முதலுதவிக் கூடங்கள் எங்கே என்று முன்கூட்டியே முடிவாகிறது, தண்ணீர்ப் பந்தல்களுக்குக் கழகம் அனுமதி கொடுத்து ஒழுங்குபடுத்துகிறது, போலீஸ் சாலையை மூடும்போது அவசர வண்டிக்கு வழி விடுகிறது. பந்தல் போடுபவர்கள் ஒதுக்கிய அளவைவிடச் சாலையில் இரண்டு அடி கூடுதலாக நீட்டிக்கொண்டால் அந்த வழி அடைபடும். சாமி காரியம்தானே என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் அந்த இரண்டு அடியில் தள்ளுகட்டில் போக வேண்டியிருக்கும். அடுத்த முறை பந்தல் போடும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் போன்ற பேரிடர் என்றால் ஏற்பாடு வேறு வடிவம் எடுக்கும். மாவட்ட அதிகாரி தலைமையில் மாவட்டப் பேரிடர்க் குழு கூடும், கழகமும் அதில் இருக்கும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியபோது ஆம்புலன்ஸ் போக முடியாத தெருக்களுக்குப் படகும் லாரியும் போயின. டயாலிசிஸ் செய்பவர்களும் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களும் வீட்டில் இருந்தால் மழைக்காலம் தொடங்கும் முன்பே உங்கள் பகுதி சமூகக் குழுவிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் படகு முதலில் அங்கே வரும்.

அழைக்கும் விதத்தைப் பற்றியும் ஒன்றிரண்டு. நம் பெரியவர்கள் இன்றும் கிரீன் லேன், வாட்டர்பால் ரோடு, வெஸ்டர்ன் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். 999-இல் எடுப்பவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம். ஜாலான் மஸ்ஜிட் நெகிரி, ஜாலான் கெபுன் பூங்கா, ஜாலான் உத்தாமா என்று பலகையில் இருக்கும் பெயரைச் சொல்லுங்கள், புளோக்கு எண்ணும் மாடியும் பக்கத்தில் இருக்கும் பள்ளியோ கோயிலோ சேர்த்துச் சொல்லுங்கள். மலாய் சரளமாக வராத அம்மாவோ பாட்டியோ தனியாக வீட்டில் இருக்கிறார் என்றால், முழு முகவரியையும் "சாக்கிட் டாடா", "செசாக் நஃபாஸ்", "தாக் செடார்", "லும்போ செபெலா பாடான்" என்ற நான்கு சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவில்லை, ஒரு பக்கம் விளங்கவில்லை என்று மறுமுனையில் புரிந்துகொள்ள இது போதும். அழைப்பை நீங்களாகத் துண்டிக்காதீர்கள். ஒருவரைக் கீழே அனுப்பி லிப்ட்டைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், இன்னொருவர் தடுப்புக் கம்பத்தருகே நிற்கட்டும்.

இனி புகார். முதல் தாமதத்துக்கு அந்த மருத்துவமனையின் இயக்குநருக்கும் பினாங்கு மாநிலச் சுகாதாரத் துறைக்கும் எழுதுங்கள். சுகாதார அமைச்சின் சிஸ்பா என்ற இணையப் புகார் முறையிலும் பதிவு செய்யலாம். 999-க்கு அழைத்த நேரம் உங்கள் கைப்பேசியில் இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு அழைத்தோம், எத்தனை மணிக்கு வண்டி வாசலுக்கு வந்தது, எத்தனை மணிக்கு மேலே வந்தார்கள் என்ற மூன்று நேரங்களையும் எழுதினால் தாமதம் எங்கே என்று அவர்களே பார்க்க முடியும். வண்டியில் வந்த ஊழியர்களைத் திட்டி எழுத வேண்டாம், பெரும்பாலும் அவர்கள் இன்னொரு வீட்டிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். இரண்டாவது தாமதத்துக்கு நிர்வாகக் குழுவுக்கு எழுதி, நகலைக் கட்டட ஆணையருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கழக உறுப்பினருக்கும் ஒன்று போகட்டும். அவரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து மாநில அரசுதான் நியமிக்கிறது. அதனால்தான் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்பும் நகல் முக்கியம், அவருக்கு நம் ஓட்டு தேவை.

தனியார் ஆம்புலன்ஸ் பற்றிக் கேட்டீர்கள். அப்பா ஏற்கெனவே ஒரு தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார், காப்புறுதி இருக்கிறது என்றால் அந்த மருத்துவமனையின் அவசர எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைப்பது நல்லது. ஏனென்றால் 999 ஆம்புலன்ஸ் பொதுவாகப் பக்கத்தில் இருக்கும் பொருத்தமான அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டு போகும், நாம் கேட்கும் இடத்துக்கு இல்லை. ஆனால் மூச்சு நின்றுவிட்டது, நினைவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்றால் யோசிக்காமல் 999. வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரசு அவசரப் பிரிவில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், அதைக் கட்டுவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடும். தனியார் வண்டியில் தூரத்துக்கும் கூட வரும் ஊழியருக்கும் சேர்த்துக் கட்டணம் போடுவார்கள், ஏறுவதற்கு முன்பே தொகையைக் கேளுங்கள். வண்டியில் வருபவர் உதவி மருத்துவ அதிகாரியா, தாதியா, அல்லது ஓட்டுநர் மட்டும்தானா என்பதையும் கேளுங்கள். ஓட்டுநர் மட்டும் என்றால் மூச்சுத் திணறும் ஒருவரை அதில் ஏற்றாதீர்கள். வீட்டிலிருந்து மருத்துவச் சந்திப்புக்குப் போய்வர அப்படிப்பட்ட வண்டி போதும், அவசரத்துக்கு ஆகாது.